பெருங்குடலுக்குள் செல்லும் ரோபோ: எந்த நகர்வு முறையைத் தேர்ந்தெடுப்பது?

பெருங்குடலை உள்ளிருந்து பரிசோதிக்கும் ரோபோ ஒன்றை வடிவமைக்கத் தொடங்கும் குழு எதுவானாலும், தொடக்கத்திலேயே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: கருவி எதன் பலத்தில் முன்னே நகரப் போகிறது? புழுவைப் போலக் குடல் சுவரைக் கவ்வி ஊர்வதா, பின்னாலிருக்கும் காற்றழுத்தம் தள்ளச் செல்வதா, பட்டைச் சக்கரங்களில் உருள்வதா, உடலுக்கு வெளியே இருக்கும் காந்தத்தின் பின்னால் போவதா என்பதைப் பொறுத்தே கருவியின் விட்டம், விலை, அதற்குள் மிஞ்சும் இடம், மருத்துவர் அதைக் கொண்டு செய்யக்கூடிய வேலை எல்லாம் முடிவாகின்றன. கடந்த முப்பது ஆண்டுகளில் இந்த வழிகள் ஒவ்வொன்றும் முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன. சில நோயாளிகள் வரை வந்தன, சில ஆய்வகத்தோடு நிற்கின்றன. மருத்துவக் கருவி வடிவமைப்பில் வேலை செய்பவன் என்ற முறையில், இன்று புதிதாகத் தொடங்கும் ஒரு சிறு குழு இவற்றுள் எதைக் கையில் எடுக்கலாம் என்று இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன். என் சாய்வு காந்த இழுப்பின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அது எளிதாக உள்ளே போய்விடும் என்பது அதற்குக் காரணம் அல்ல.

முதலில் பாதையைப் பார்க்க வேண்டும். மனிதப் பெருங்குடல் ஏறத்தாழ 1.5 மீட்டர் நீளமுள்ளது. மலக்குடலுக்கு அடுத்துள்ள சிக்மாய்ட் பகுதியில் அதன் உள்விட்டம் 2.5 சென்டிமீட்டர் அளவுக்குக் குறுகியிருக்கும். சிறுகுடல் வந்து சேரும் சீக்கம் என்ற பையில் 7 சென்டிமீட்டருக்கு மேல் விரியும். இடையில் மண்ணீரலுக்கு அருகிலும் கல்லீரலுக்கு அருகிலும் இரண்டு கூர்மையான திருப்பங்கள் இருக்கின்றன. இறங்கு குடலும் ஏறு குடலும் வயிற்றின் பின்சுவரோடு ஒட்டியிருக்க, சிக்மாய்டும் குறுக்குக் குடலும் குடல்தாங்கிச் சவ்வில் தொங்கிக்கொண்டு இங்குமங்கும் அசைகின்றன. ஒரே கருவி குறுகிய இடத்திலும் அகன்ற இடத்திலும், அசையாத சுவரிலும் அசையும் சுவரிலும் வேலை செய்தாக வேண்டும்.

எண்கள் சொல்லாத ஒன்றைச் சோதனை மேசையில் விரித்த பன்றிக் குடல் சொல்லிவிடும். உள்பரப்பில் விரலை வைத்து அழுத்தினால், சளி விலகி விரல் வழுக்கிப் போகும். அதே விரலை ஒரு மடிப்பின் பின்னால் கொக்கி போல மாட்டினால் நல்ல பிடி கிடைக்கும். ஆனால் இழுத்தால் விரல் முன்னேறுவதில்லை. குடல்தான் விரலை நோக்கி வருகிறது. உராய்வு குறைவு என்ற சிரமத்தைவிட, பற்றிக்கொண்ட சுவரே நம்மோடு சேர்ந்து வந்துவிடுகிறது என்ற சிரமம் பெரியது. குழாய்களுக்குள் ஊரும் ரோபோக்களைச் செய்து பழகிய பொறியாளர்கள் பலர் இங்கே தடுமாறுவதற்குக் காரணம் இதுதான். இரும்புக் குழாயில் ஒரு சென்டிமீட்டர் அடி வைத்தால் ஒரு சென்டிமீட்டர் நகரலாம், குடலில் அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது.

எந்தப் புதிய வழியையும் ஒப்பிட வேண்டியது இன்று வழக்கிலுள்ள கொலோனோஸ்கோப்போடுதான், அதாவது மருத்துவர் ஆசனவாய் வழியாகச் செலுத்தும் கேமராக் குழாயோடு. 1969-ல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃபும் ஹிரோமி ஷின்யாவும் கொலோனோஸ்கோப் வழியாகவே பாலிப்பை (குடலின் உள்சுவரில் வளரும் சதைத் திரட்சியை) வெட்டியெடுக்கத் தொடங்கியதிலிருந்து, அதன் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. சுமார் 13 மி.மீ. தடிப்புள்ள ஒரு குழாய்; அதன் நுனி இரு அச்சுகளில் வளையும்; அதற்குள் கேமரா, விளக்கு, காற்று, நீர், உறிஞ்சல், வெட்டுக் கருவிகளைச் செருகுவதற்கான சுமார் 3.7 மி.மீ. கருவிப் பாதை எல்லாம் அடங்கியிருக்கின்றன. அதன் பெருங்குறை ஒன்றே: பின்னாலிருந்து தள்ளப்படுவது. ஈரக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துத் தள்ளினால் மறுமுனை நகராமல் நடுவில் சுருள்வதைப் போல, சிக்மாய்டில் ஸ்கோப் லூப் விழுகிறது. லூப் குடல்தாங்கியை இழுக்கிறது. வலியின் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது. தேர்ந்த மருத்துவர் குழாயைத் திருகியும் பின்னிழுத்தும் லூப்பை அவிழ்த்துவிடுவார். அந்தக் கைப்பழக்கம் வர நூற்றுக்கணக்கான பரிசோதனைகள் தேவைப்படுகின்றன. வலியையும் பயிற்சிக் காலத்தையும் குறைப்பதே ரோபோ வடிவமைப்பின் நியாயம். அந்தக் குழாய்க்குள் இருக்கும் மற்ற வசதிகளை இழந்துவிட்டு அதைச் சாதித்தால், கணக்கு நேராகாது.

கவ்வி ஊரும் புழு முறை மிக இயல்பாகத் தோன்றும் வழி. இத்தாலியின் பீசா வட்டாரத்தில் உருவான எண்டோடிக்ஸ் கருவி இதன் முழுமையான எடுத்துக்காட்டு. அதன் முன்னும் பின்னும் ஒவ்வொரு கவ்வி இருக்கிறது. வெற்றிடம் சளிச்சவ்வை உள்ளே உறிஞ்ச, தாடைகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. பின்கவ்வி பிடித்திருக்கையில் நடுவுடல் நீள்கிறது, முன்கவ்வி பிடித்தபின் சுருங்குகிறது. பாவாடைக்கு நாடா கோத்தவர்களுக்கு இதன் சிக்கலைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஊக்கு முன்னேறும்போது துணி சுருங்கிச் சுருங்கி ஊக்கின் மேல் ஏறும். சுருக்கத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால்தான் அடுத்த அடி நகரும். புழு ரோபோவும் குடலைத் தன் மேல் சுருக்கி ஏற்றிக்கொண்டே முன்னேறுகிறது. நீளும் அளவைவிடக் குடல் சுவர் மீளும் அளவு அதிகமானால், இருந்த இடத்திலேயே அசைந்துகொண்டிருக்கும்.

முடிவுகளும் இதையே காட்டுகின்றன. 2009-ல் வெளியான ஆரம்ப ஆய்வில் எண்டோடிக்ஸ் 27.5 சதவீதப் பரிசோதனைகளில்தான் சீக்கத்தை எட்டியது. அதே ஆய்வில் சாதாரண கொலோனோஸ்கோப் 82.5 சதவீதம் எட்டியது. மறு ஆண்டு வெளியான மேம்பட்ட வடிவத்தின் ஆய்வில் இது 81.6 சதவீதமாக உயர்ந்தது என்றாலும், சராசரி நேரம் 45 நிமிடத்தை ஒட்டியிருந்தது; சாதாரண ஸ்கோப்புக்கு 24 நிமிடம் போதுமானதாக இருந்தது. அதே சமயம், ரோபோ முறையில் ஒருவருக்கும் மயக்க மருந்து தேவைப்படவில்லை என்பதைச் சிறிதாக எண்ணக் கூடாது. வலியில்லாமல் உள்ளே போக முடியும் என்பதை இந்தக் குழு நிரூபித்துவிட்டது. தொடக்க வடிவங்களில் கருவிப் பாதை இல்லை, பின்னர் 3 மி.மீ. பாதை சேர்க்கப்பட்டது. 17 மி.மீ. விட்டத்துக்குள் கவ்விகளும் காற்றுக் குழாய்களும் இடம்பிடித்த பிறகு மிஞ்சியது அவ்வளவுதான்.

அடுத்தது காற்றழுத்தம். இஸ்ரேலின் ஜிஐ வியூ நிறுவனம் உருவாக்கிய ஏர்-ஓ-ஸ்கோப்பில் கேமராவுக்குப் பின்னால் மென்மையான பலூன் குடலை அடைத்துக்கொள்ள, அதன் பின்னால் செலுத்தப்படும் கார்பன் டை ஆக்ஸைடு அதை முன்னே தள்ளுகிறது. கவ்வி இல்லை, மோட்டார் இல்லை. சுவர் முழுவதிலும் விசை பரவலாக விழுகிறது. 2006-ல் வெளியான முதல் சோதனையில் 12 பேரில் 10 பேருக்கு அது சீக்கத்தை எட்டியது. 2016-ல் வெளியான ஆய்வில் 56 பேரில் 55 பேருக்கு எட்டியது. சுற்றிலும் 360 பாகையைக் காட்டும் அதன் ஒளியமைப்பு, மடிப்புகளுக்குப் பின்னால் பார்க்கும் தேவையை உணர்ந்து செய்யப்பட்டது என்பதால் எனக்கு அதன் மீது மரியாதை உண்டு.

ஆனால் இம்முறையின் இயற்பியலில் ஓர் இறுக்கம் இருக்கிறது. 30 மில்லிபார் அழுத்த வேறுபாடும் 4 சென்டிமீட்டர் விட்டமும் என்று வைத்துக்கொண்டால், கிடைக்கும் தள்ளுவிசை ஏறத்தாழ 3.8 நியூட்டன். அந்த விசையைக் கொண்டு கருவியை மட்டுமல்ல, அதன் வால் கேபிளையும் இழுத்தாக வேண்டும். பலூனைத் தாண்டிக் காற்று கசிந்தால் இருபுறமும் அழுத்தம் சமமாகி நகர்வு நின்றுவிடும். கசிவை ஈடுகட்ட அழுத்தத்தைக் கூட்டலாமென்றால், குடல் சுவரில் ஏற்படும் இழுவிசை அழுத்தத்தோடு மட்டுமல்லாமல் ஆரத்தோடும் சேர்ந்து உயரும். ஆகவே கருவி எங்கே இருந்தாலும், காற்று சென்று தேங்கும் இடங்களிலெல்லாம் மிக அகன்ற சீக்கமே முதலில் ஆபத்துக்கு உள்ளாகும். அழுத்தமானியும் தானே திறக்கும் வால்வும் இல்லாமல் இம்முறையைத் தொடவே கூடாது.

பட்டைச் சக்கரம் குறித்துச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் உருவான எண்டோகுலஸ், நுண்ணிய தூண்கள் பதித்த சிலிக்கோன் பட்டைகளைக் கொண்டு சளியின் மேல் பிடி தேடுகிறது. பட்டையின் மேற்பரப்பைப் பற்றிய அந்த ஆராய்ச்சி அழகானது. எனினும் மோட்டாரும் பற்சக்கரமும் உடலுக்குள் செல்கின்றன. அவற்றின் வெப்பத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும்: உடலோடு பத்து நிமிடத்துக்கு மேல் தொட்டிருக்கும் பாகங்களுக்கு மின் மருத்துவக் கருவிகளுக்கான சர்வதேசத் தரநிலை 43 டிகிரி செல்சியஸை வரம்பாக வைத்திருக்கிறது. மேலும், பட்டை சுழன்று உள்ளே செல்லும் விளிம்பில் மெல்லிய சளிச்சவ்வு சிக்காமல் பார்த்துக்கொள்வது எளிதல்ல. முதல் முயற்சிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தள்ளும் முறையையே திருத்தியவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் இன்வென்டோஸ்கோப்பில், உடலுக்கு வெளியே இருக்கும் உருளைகள் ஓர் உறையைத் தள்ள, அது நுனிப்பக்கம் காலுறையை உள்வெளியாகத் திருப்புவதுபோலப் புரண்டு நீள்கிறது. அதனால் உறை குடல் சுவரின் மேல் உரசுவதே இல்லை. 2011-ல் வெளியான ஆய்வில் 61 தன்னார்வலரில் 98.4 சதவீதத்தினருக்குச் சீக்கம் வரை சென்றது. 3.1 மி.மீ. கருவிப் பாதையும் இருந்தது. 2017-ல் அந்த நிறுவனத்தை டென்மார்க்கின் ஆம்பு நிறுவனம் வாங்கியது. அமெரிக்காவின் நியோகைட் நிறுவனம் வேறு வழியில் போனது: பதினாறு துண்டுகளாலான ஸ்கோப்பின் நுனி எடுத்த வளைவை, பின்னால் வரும் ஒவ்வொரு துண்டும் அதே இடத்துக்கு வந்ததும் கணினிக் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. லூப் விழாதிருக்க இதைவிட நேரான தீர்வு இல்லை. ஆனால் ஒவ்வொரு துண்டையும் வளைக்கும் கம்பிகள் நீளம் முழுவதும் ஓட வேண்டியிருப்பதால், அந்தக் குழாய் விலையுயர்ந்ததாகவும், மீண்டும் மீண்டும் கிருமிநீக்கம் செய்து பயன்படுத்த வேண்டியதாகவும் ஆகிறது. நியோகைடை 2009-ல் இன்டியூட்டிவ் சர்ஜிக்கல் நிறுவனம் வாங்கியது. நல்ல முடிவுகளைக் காட்டிய இவ்விரண்டும் இன்று பரவலாகப் புழங்கவில்லை என்பதைப் புதிய குழு நிதானமாக யோசிக்க வேண்டும். திறமையான மருத்துவர் கையில் சாதாரண ஸ்கோப் சீக்கத்தை எட்டும் விகிதம் ஏற்கெனவே 90 சதவீதத்துக்கு மேல். எட்டுவதை மட்டும் மேம்படுத்தும் கருவிக்கு மருத்துவமனை ஏன் தன் பழக்கத்தை மாற்ற வேண்டும்?

என் வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. கொலோனோஸ்கோப்பியின் பயன் உள்ளே போகும்போது அல்ல, வெளியே வரும்போது கிடைக்கிறது. சீக்கத்தை எட்டிய பிறகு, மருத்துவர் குறைந்தது 6 நிமிடம் செலவிட்டு, ஒவ்வொரு மடிப்பின் பின்னாலும் நுனியைத் திருப்பி, நீர் அடித்து, உறிஞ்சி, பாலிப் தென்பட்டால் வெட்டியெடுத்துக்கொண்டே பின்வருகிறார். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பரிசோதனைகளை ஆராய்ந்து 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வு, ஒரு மருத்துவர் அடினோமா (புற்றாக மாறக்கூடிய பாலிப்) கண்டறியும் விகிதம் ஒவ்வொரு சதவீதப் புள்ளி உயரும்போதும் அவருடைய நோயாளிகளுக்குப் பின்னாளில் பெருங்குடல் புற்றுநோய் வரும் அபாயம் 3 சதவீதம் குறைவதைக் காட்டியது. ஆகவே வடிவமைப்பாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, திரும்பி வரும் வழியில் இந்தக் கருவியால் நுனியை நினைத்த இடத்தில் நிறுத்த முடியுமா என்பதே. புழு முறை சுருக்கி ஏற்றிய குடலைத் திரும்பும்போது மெல்ல விரித்துவிட வேண்டியிருக்கிறது. விரியும் குடல் சட்டென்று நழுவினால் அந்தப் பகுதி பார்க்கப்படாமலே போகும். பலூன் முறையில் திரும்பும்போது நுனியை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்ளத் தனி ஏற்பாடு தேவை. வெட்டுக் கருவியை நீட்டும்போது வரும் எதிர்விசையைத் தாங்கவும் நுனிக்கு ஓர் ஊன்றுதல் வேண்டும்.

காந்த முறை இந்த இடத்தில்தான் முன்னுக்கு வருகிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பியெட்ரோ வால்டாஸ்ட்ரியின் குழு உருவாக்கிய கருவியில், நோயாளியின் வயிற்றுக்கு மேலே ஒரு ரோபோ கை பெரிய நிலைக்காந்தத்தைத் தாங்கி நகர்கிறது. உள்ளே சிறிய காந்தமும் கேமராவும் கொண்ட தலை, மென்மையான வால் குழாயோடு அதைப் பின்தொடர்கிறது. முன்னாலிருந்து இழுப்பதால் லூப் விழுவதில்லை. வால் குழாயின் வேலை காற்று, நீர், உறிஞ்சல், கருவி ஆகியவற்றைக் கடத்துவது மட்டுமே. தள்ளுவிசையைத் தாங்க வேண்டியதில்லை என்பதால் அதை மிக மென்மையாகச் செய்யலாம். மோட்டார், பற்சக்கரம், கட்டுப்பாட்டுக் கணினி ஆகிய சிக்கல்கள் அனைத்தும் உடலுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. உள்ளே போவது எளிய பொருளாக இருப்பதால், ஒருமுறை பயன்படுத்தி எறிவதையும் கருதிப் பார்க்கலாம். ரோபோ கையைச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம் என்பது சிறு குழுவுக்குப் பெரிய ஆறுதல்.

இதில் கணினியின் பங்கு எவ்வளவு என்பதை 2020-ல் வெளியான அவர்களுடைய ஆய்வு தெளிவாக்கியது. அனுபவமற்றவர்கள் மாதிரிக் குடலில் ரோபோ கையை நேரடியாக இயக்கியபோது 58 சதவீத முயற்சிகளே வெற்றி பெற்றன. கேமரா நுனி போகவேண்டிய திசையை மட்டும் அவர்கள் சொல்ல, காந்தத்தை எப்படி நகர்த்துவது என்பதைக் கணினி கவனித்துக்கொண்டபோது அது 96 சதவீதமானது. வழியைக் கணினியே பார்த்துச் செல்லும் அரைத் தன்னியக்க முறையில் 100 சதவீதம். அதாவது காந்தம் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் தலை எங்கே, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைத் தலையிலுள்ள உணரிகள் மூலம் நொடிக்குப் பலமுறை கணக்கிடும் ஏற்பாடே கருவியின் உயிர். இந்த முறையைத் தேர்ந்தெடுக்கும் குழு தன் உழைப்பில் பெரும்பங்கை அதற்கே ஒதுக்க வேண்டியிருக்கும்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. இரண்டு காந்தங்களுக்கிடையே உள்ள விசை, தூரத்தின் நான்காம் மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. 10 சென்டிமீட்டரில் கிடைத்த விசை 15 சென்டிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். பருமனான நோயாளிக்கு இது நேரடியாகப் பாதகம். பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு இதைப் பயன்படுத்த முடியாது. லீட்ஸ் கருவியின் தலை சுமார் 20 மி.மீ. தடிப்புள்ளது, ஆசனவாயில் அது உறுத்தும். இவற்றோடு வாலின் இழுவையும் இருக்கிறது, இது வால் உள்ள எல்லா ரோபோவுக்கும் பொதுவானது. வளைவுகளைச் சுற்றி வரும் கயிற்றை இழுக்கத் தேவையான விசை, வளைவுக் கோணத்தோடு அடுக்கேற்றமாகப் பெருகும். மொத்தம் 360 பாகை வளைவும் 0.1 உராய்வுக் கெழுவும் இருந்தால் நுனியில் 1.9 மடங்கு விசை போதும், கெழு 0.3 ஆனால் 6.6 மடங்கு தேவை. வால் குழாயின் மேல்பூச்சைப் பற்றி யோசிப்பதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைக்கும் திட்டங்கள் சீக்கம் வரை போகாததற்கு இந்த அடுக்கேற்றமே காரணம்.

வாலே வேண்டாம் என்று முடிவு செய்தவர்களின் வழி விழுங்கும் கேப்ஸ்யூல். பில்கேம் கோலனின் இரண்டாம் தலைமுறை 31.5 மி.மீ. நீளமும் 11.6 மி.மீ. விட்டமும் கொண்டது, இருபுறக் கேமராவும், வேகத்துக்கேற்ப நொடிக்கு 4 முதல் 35 படங்கள் வரை எடுக்கும் ஏற்பாடும் அதில் இருக்கின்றன. அமெரிக்காவில் 2014-ல் அனுமதி கிடைத்தது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவை 2021-ல் 11,000 பேருக்கு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. மருத்துவமனைக்கு வர மறுக்கும் மனிதரைப் பரிசோதனைக்குள் கொண்டுவர இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் அது கழுவாது, காற்றூதி விரிக்காது, வெட்டாது. குடல் சுத்தம் சாதாரண கொலோனோஸ்கோப்பியைவிடக் கடுமையாக இருக்க வேண்டும். பாலிப் தெரிந்தால் மறுபடியும் பேதி மருந்து குடித்துவிட்டு ஸ்கோப்புக்குத்தான் போக வேண்டும். இது வேறொரு தேவைக்கான பதில். உங்கள் குழுவின் நோக்கம் யாருக்குக் கொலோனோஸ்கோப்பி தேவை என்று பிரித்தறிவது என்றால், ரோபோவை மறந்துவிட்டுக் கேப்ஸ்யூலின் படங்களைப் படிக்கும் மென்பொருளில் இறங்குவதே மேல்.

பார்ப்பதும் வெட்டுவதும் ஒரே அமர்வில் நடக்க வேண்டும் என்பதே நோக்கமானால், வெளிக்காந்தமும் மென்மையான வால் குழாயும் சேர்ந்த அமைப்பையே நான் தேர்ந்தெடுப்பேன். இரண்டாவது இடம் புரளும் உறைக்கு. குழுவில் காந்தக் கட்டுப்பாட்டில் தேர்ந்தவர் இல்லாமல், இயந்திர வேலையில் தேர்ந்தவர் இருந்தால் அதையே முதலாவதாக வைக்கலாம். எந்த வழியானாலும் மின்சாரம் நின்ற கணத்தில் கருவி தானாகத் தளர்ந்து, கையால் இழுத்தால் வெளியே வந்துவிட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. கவ்வி திறக்காமல் நின்றுபோகும் ஒரு சாத்தியம் வரைபடத்தில் இருந்தாலும், அந்த வரைபடத்தை ஒதுக்கிவிட வேண்டும்.

முதல் மாதிரி கையில் வந்ததும் சீக்கம் வரை எத்தனை நிமிடத்தில் போகிறது என்று கடிகாரம் பார்க்கத் தூண்டும்; அதற்கு முன் வேறொரு சோதனையைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். மேசையில் விரித்த குடலின் மடிப்புகளுக்குப் பின்னால் ஐந்து மில்லிமீட்டர் நிற மணிகள் ஐம்பதை ஒட்டிவிட்டு, குடலைத் தைத்து மூடி, வயிற்றிலுள்ள வளைவுகளோடு பலகையில் பொருத்துங்கள். கருவியைக் கையாலேயே கடைசிவரை கொண்டுபோய் வைத்துவிட்டு, மணிகளை ஒட்டாத ஒருவரிடம் இயக்கியைக் கொடுத்து, பின்வரும் வழியில் எத்தனை மணிகளைக் காண்கிறார் என்று எண்ணச் சொல்லுங்கள். பிறகு கருவிப் பாதையில் பயாப்ஸி இடுக்கியை (திசுத் துணுக்கைக் கவ்வியெடுக்கும் கருவியை) செருகி, அது உள்ளே இருக்கும்போதும் நுனி அதே அளவு வளைகிறதா என்று பார்த்து, கண்ட மணிகளில் பத்தைக் கவ்வி எடுக்கச் சொல்லுங்கள். அதே குடலில் சாதாரண ஸ்கோப்பைக் கொண்டு ஒரு மருத்துவர் கண்ட எண்ணிக்கையைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். நகர்வு முறை எதுவாக இருக்க வேண்டும் என்ற விவாதத்தை அந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கலாம்.